கவிழ்த்துப் பார்க்கிறவர்கள்

அந்த மண்டபத்துக்குள் நான் முதன்முதலாக நுழைந்தபோது யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. “என்ன கொண்டு வந்திருக்கிறீர்கள்?” என்றுதான் கேட்டார்கள்.

1993 பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மாலை ஏழரை மணி. இங்கிலாந்தில் ரெடிங் நகரத்துக்கு மேற்கே, கென்னட் ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஊரின் பொது மண்டபம். வாசல் நடையில், முதல் உலகப் போரில் இறந்துபோன ஊர்ப் பையன்களின் பெயர்ப்பலகை. உள்ளே மரத்தரை, அதில் பூப்பந்தாட்டத்துக்குப் போட்ட மஞ்சள் கோடுகள் பாதி அழிந்து கிடந்தன. ஒரு மூலையில் மேடை, சாயம் போன திரை, பக்கவாட்டில் சமையலறைக்குத் திறக்கும் சின்ன ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகத் தேநீர்க் கோப்பை ஒன்று என் கைக்கு வந்தது. கையில் ஒன்றும் கொண்டு வரவில்லை என்று சொன்னேன். “பரவாயில்லை, அடுத்த மாதம் கொண்டு வாருங்கள்” என்றார்கள். பெயர் கேட்டது அதற்குப் பிறகுதான்.

அதன் பிறகு பதினேழு வருஷம், இரவுப் பணி இல்லாத, மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஒவ்வொன்றிலும் அங்கே இருந்திருக்கிறேன். நான் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். பகலெல்லாம் மற்றவர்கள் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பது என் வேலை. மாதத்தில் ஒரு மாலை எதையும் எண்ணாமல் இருந்த இடம் அது. இப்போது அங்கே மண்டபம் இல்லை, வீடுகள் கட்டிவிட்டார்கள். கண்ணை மூடினால் முதலில் வருவது அதன் வாசனை: ஈரக் கோட்டு, கொதித்த தேயிலை, அவற்றுக்கு மேலே அப்போதுதான் சீவிய பச்சை மரம்.

என்னை அங்கே கூட்டிப் போனவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். 1988இல் நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிபோன மறுநாள், தன் தோட்டத்து ஆப்பிள்களை ஒரு மரக் கிண்ணத்தில் நிறைத்து வாசலில் வந்து நின்றார். ஆப்பிளைத் தின்றுவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் வழக்கமில்லை. என் மனைவி முறுக்கு சுட்டு நிறைத்து அனுப்பினாள். அவருக்கோ கிண்ணமும் சேர்த்துத்தான் அன்பளிப்பு. முறுக்கை எடுத்துக்கொண்டு, பிளம் பழம் போட்டு மறுபடி கொண்டுவந்துவிட்டார். இவள் அதிரசம் வைத்தாள். இப்படி அந்தக் கிண்ணம் இரண்டு வீட்டுக்கும் நடுவே மூன்று மாதம் போய்வந்தது. கடைசியில் அவர் மனைவி வந்து, “இது உங்களுக்காகவே செய்தது, அடியில் பாருங்கள்” என்று கவிழ்த்துக் காட்டினார். அடியில் சூட்டுக்கோலால் பொறித்திருந்தது: அவர் பெயர், எல்ம் என்று மரத்தின் பெயர், வருஷம்.

எல்ம் மரத்தைப் பற்றி அவர் சொன்னது பிறகு. அறுபதுகளின் கடைசியில் தொடங்கி, வண்டு பரப்பிய ஒரு பூஞ்சை நோயில் பிரிட்டனில் இரண்டரைக் கோடிக்கும் மேல் எல்ம் மரங்கள் பட்டுப்போயின. வயல் வரப்பெல்லாம் நின்ற மரம். எங்கள் பக்கத்தில் பனை ஒரே தலைமுறையில் இல்லாமல் போனால் எப்படியிருக்கும், அப்படி. 1976இல் பக்கத்துப் பண்ணையில் பட்ட மரங்களை வெட்டி எரித்தபோது, இரண்டு பலகைகளை மட்டும் கெஞ்சி வாங்கி வைத்திருந்திருக்கிறார். அதில் ஒரு துண்டுதான் எங்கள் வீட்டில் வாழைப்பழம் வைக்கிற கிண்ணமாயிற்று.

அவர் வீட்டு கராஜில் கார் நின்று நான் பார்த்ததில்லை. அங்கே மரம் கடைகிற ஒரு வார்ப்பிரும்பு லேத் இருந்தது. பள்ளிக்கூடங்களில் தச்சு வகுப்புகளை மூடிக்கொண்டிருந்த காலம் அது. அப்படி வெளியே தள்ளிய ‘யூனியன் கிராஜுவேட்’ லேத்துகளை அவரைப் போன்ற பெரியவர்கள் ஆளுக்கொன்றாகப் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு சனிக்கிழமை வேலிக்கு அப்பால் அந்தச் சத்தம் கேட்டது. விர்ரென்று ஒரு சுழற்சி, அதன் மேல் உளி பட்டதும் எழுகிற சீற்றம், பிறகு சீவல் தெறித்து விழுகிற சின்னச் சின்னச் சத்தம். அந்தச் சத்தத்தை நான் கேட்டு இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

நான் பிறந்து வளர்ந்தது அம்பாசமுத்திரம். தாமிரபரணிக் கரை. செப்புச் சாமான் எங்கள் ஊர் வேலை. அடுப்பு, ஆட்டுரல், திருகை, குடம், உலக்கை, பானை, கரண்டி என்று ஒரு குடித்தனத்துக்கு வேண்டியதெல்லாம் விரற்கடை அளவில், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஓர் ஓலைப்பெட்டிக்குள் அடங்கியிருக்கும். குழந்தை நடக்கத் தொடங்கினால் அதற்கு நடைவண்டி, அதற்கு முன்பு தொட்டிலுக்கு மேலே கிலுகிலுப்பை. எல்லாம் கடைசல். என் தங்கைக்கு ஒவ்வொரு திருவிழாவுக்கும் அப்பா ஒரு பெட்டி வாங்கிக் கொடுப்பார்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு கடைசல் பட்டறை. நான் பார்த்த காலத்தில் அங்கே மோட்டார் இல்லை. மஞ்சக்கடம்பு மரத்துண்டை இரண்டு முனைக்கு நடுவே மாட்டி, அதன்மேல் கயிற்றைச் சுற்றி, ஒருவர் இரண்டு கையாலும் மாறி மாறி இழுப்பார். மரம் முன்னும் பின்னும் சுழலும். எதிரே உட்கார்ந்திருப்பவர், மரம் தன் பக்கமாகச் சுழலும்போது மட்டும் உளியை வைப்பார். பின்னோக்கிப் போகும்போது ஒரு நூல் அளவு விலக்குவார். வைத்து, விலக்கி, வைத்து, விலக்கி. அந்த விலக்கலை ஊன்றிப் பார்த்தால்தான் தெரியும். உருவம் வந்ததும் அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்துவார். உராய்கிற சூட்டிலேயே அரக்கு உருகி வளையமாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் தாழை மடலை வைத்து அழுத்தியதும் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு வரும். நான் வாசற்படியில் நின்றுகொண்டே இருப்பேன். ஒருநாள் அவர், “ஏ தம்பி, பிடிச்சுப் பாக்கியா?” என்று உளியை நீட்டினார். கையை நீட்டப்போனேன். தெருவில் வந்துகொண்டிருந்த அப்பா பார்த்துவிட்டார். வீட்டுக்குப் போனதும், “படிக்கிற பய உளியத் தொடப்படாது” என்றார். அடிக்கவில்லை, அதட்டவில்லை. ஒரு சட்டத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். அந்தப் பட்டறைப் பொருள்களை என் அப்பாவைப்போல ஆசையாக வாங்கியவர் எங்கள் தெருவில் இல்லை. ஆனாலும் அந்த வேலை அவர்களுடையது, வாங்குவது நம்முடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை. எனக்கும் வரவில்லை. அதற்குப் பிறகு நான் வாசற்படியில் நிற்பதை விட்டுவிட்டேன்.

அந்த உளி என் கைக்கு வர முப்பது வருஷமும் ஏழு கடலும் ஆயிற்று. பெரியவர் கராஜில் முதல் நாளே அது மரத்தைக் கடித்து இழுத்தது. குழி உளியின் சாய்வு முதலில் மரத்தில் உராய வேண்டும், அதற்குப் பிறகுதான் பிடியை மெல்ல உயர்த்தி வெட்டவேண்டும். முனையை முதலில் வைத்தால் சுழலும் மரம் அதைப் பிடுங்கிக்கொள்ளும். ‘டமார்’ என்று ஒரு சத்தம், கை மூட்டுவரை அதிர்ச்சி. என் கையை அவர் தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டார். “கையால் தள்ளாதீர்கள் டாக்டர். இடுப்பை அசையுங்கள், உளி தானாக வரும்” என்றார். மூன்றாவது வாரம் உளியிலிருந்து சீவல் நாடாவாக நீண்டு, என் தோளைத் தாண்டிப் பின்னால் போய் விழுந்தது. அன்று வீட்டுக்கு வந்தும் கை மணத்துக்கொண்டே இருந்தது.

மரம் கடைகிறவர்களின் சங்கம் கூடிய அந்த மண்டபத்துக்குத் திரும்புகிறேன். உள்ளே நுழைந்ததும் இடதுபுறம் ஒரு நீளமான மேசை, பச்சைத் துணி விரித்திருக்கும். அந்த மாதம் யார் எதைக் கடைந்தார்களோ அதை அங்கே வைக்க வேண்டும். கிண்ணம், பூச்சாடி, மூடியுள்ள சின்னப் பெட்டி, பம்பரம், தேன் எடுக்கிற கோல், கிழிந்த காலுறையைத் தைக்கும்போது உள்ளே செருகிக்கொள்கிற காளான் வடிவக் கட்டை, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுகிற மணி. பேத்திக்கு ஒன்று, தபால்காரருக்கு ஒன்று, மருத்துவமனை நர்ஸுக்கு ஒன்று என்று அநேகமாக எல்லாமே யாருக்கோ கொடுப்பதற்காகச் செய்தவை. விலை என்ற சொல்லை அந்த மேசையைச் சுற்றி நான் கேட்டதில்லை.

வெளியாள் வந்தால் கிண்ணத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்ப்பார். மரம் கடைகிறவர் அப்படிச் செய்வதில்லை. எடுத்ததும் கவிழ்ப்பார். அடியைப் பார்ப்பார். கட்டைவிரலால் அடிவட்டத்தை ஒரு சுற்றுத் தடவுவார். சுழலும்போது கிண்ணத்தை எங்கே பிடித்திருந்தார்கள், அந்தப் பிடியின் தடத்தைக் கடைசியில் எப்படி மறைத்தார்கள் என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டும். மேற்புறம் எல்லோருக்குமானது, அடிப்புறம் தொழில் தெரிந்தவனுக்கானது. என் முதல் கிண்ணத்தை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எடுத்துக் கவிழ்த்தார். அந்தச் சங்கத்திலேயே நுணுக்கமான கை அவருடையதுதான். விரல் நுனி அளவுப் பெட்டி கடைவார், மூடியைத் திறந்தால் ‘ப்ளக்’ என்று காற்று ஒலிக்கும். என் கிண்ணத்தின் அடியில் திருகாணித் துளை இரண்டு அப்படியே இருந்தன. அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தத் துளைகளின் மேல் விரலை வைத்தார். அடுத்த மாதம் நான் கொண்டுபோன கிண்ணத்தில் துளை இல்லை.

அங்கே வந்தவர்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ரொட்டிக் கடைக்காரர், ரயில்வே காவலாளி, வங்கி மேலாளர், கண் சரியாகத் தெரியாத விவசாயி, ஒரு பாதிரியார். லேத்தின் முன் நின்றுவிட்டால் உளி பிடிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதம் மட்டும்தான். மருத்துவமனையில் என்னை ‘சார்’ என்று அழைத்த வார்டு உதவியாளர் ஒருவரும் உறுப்பினர். மண்டபத்தில் அவர் எனக்கு ஆசான். உப்புத்தாளை 120இலிருந்து 400 வரை ஒவ்வொரு படியாக ஏறவேண்டும், ஒரு படியைத் தாண்டினாலும் கீறல் பிறகு எண்ணெய் பட்டதும் எழுந்து நிற்கும் என்று என்னை அதட்டிச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அப்பா ஒருமுறை இந்தியாவிலிருந்து வந்திருந்தபோது மண்டபத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். பாதிரியார் சீவல் கூட்டிக்கொண்டிருப்பதை அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் பேசவில்லை.

பொழுதுபோக்காகக் கடைகிறவர்களின் கூட்டம் பெருகிய காலம் அது. அமெரிக்காவில் 1986இலும் பிரிட்டனில் 1987இலும் நாடு தழுவிய சங்கங்கள் தொடங்கியிருந்தன. தொழிலாகச் செய்தவர்களின் சங்கம் இதைவிட எவ்வளவோ பழையது: லண்டன் கடைசல்காரர் சங்கத்துக்கு முதலாம் ஜேம்ஸ் அரசர் 1604இலேயே பட்டயம் கொடுத்திருக்கிறார். பிரிட்டனில் புதுச் சங்கம் தொடங்கிய அதே 1987இல், அக்டோபர் 15 இரவு அடித்த புயலில் தெற்கு இங்கிலாந்தில் ஒன்றரைக் கோடி மரங்கள் சாய்ந்தன. செவன்ஓக்ஸ் என்ற ஊரில், ஊர்ப்பெயருக்காக நட்டு வளர்த்த ஏழு ஓக் மரங்களில் ஆறு ஒரே இரவில் விழுந்துவிட்டன. எனக்குத் தெரிந்த கராஜ்களில் அந்தப் புயல் மரம் இல்லாத கராஜ் இல்லை. நான் சேர்ந்தபோதும் அதையேதான் கடைந்துகொண்டிருந்தார்கள். துண்டுகளில் சாக்பீஸால் ‘புயல்’ என்று எழுதியிருக்கும்.

பச்சை மரத்துக்குப் பொறுமை வேண்டும். முதலில் தடிமனாகக் கடைந்துவிடுவார்கள். பத்து அங்குலக் கிண்ணமென்றால் ஓரம் ஓர் அங்குலம். மெழுகு தடவி, தேதியைப் பென்சிலால் எழுதி, அலமாரியில் வைத்துவிடவேண்டியது. ஈரம் போகப் போக மரம் இழுத்துக்கொள்ளும். வட்டமாக வைத்தது மெல்ல மெல்ல முட்டை வடிவமாகும். மாதக்கணக்கில் காயவிட்டு, இனி இழுக்காது என்று தெரிந்த பிறகு மறுபடி லேத்தில் ஏற்றி, வட்டமாக்கி, மெல்லியதாக்கி முடிப்பார்கள். அவசரப்பட்டால் வெடிக்கும். ஆப்பிள் மரம் எல்லாவற்றையும்விட மோசம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் ஓடும். பெரியவர் வீட்டு அலமாரியில் எப்போதும் இருபது, முப்பது அரைக் கிண்ணங்கள் காத்துக்கிடந்தன.

நான் முதலில் ஒருவருக்கென்று கடைந்து கொடுத்தது மத்து. என் மனைவிக்கு. சிக்கமோர் மரம். வெள்ளை வெளேரென்று இருக்கும், பாலுக்கும் மோருக்கும் வாசனை ஏற்றாது. அதை மேசையில் வைத்த செவ்வாய்க்கிழமை யாருக்கும் அது என்னவென்று பிடிபடவில்லை. கைத்தடியின் பூண் என்றார் ஒருவர். மணி அடிக்கிற கோல் என்றார் இன்னொருவர். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டிக் காட்டினேன். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். அப்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. தமிழில் மோரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், மரத்தைக் கடைகிறோம். எல்லாம் ஒரே சொல். அதுவரை அதை நான் யோசித்துப் பார்த்ததில்லை. பெரிய பானையில் தயிர் கடைய மத்தில் கயிற்றைச் சுற்றி மாறி மாறி இழுப்பாள் என் பாட்டி. பட்டறையில் அவர்கள் இழுத்ததும் அதே இழுப்புத்தான். மந்தர மலையை மத்தாக நிறுத்தி, வாசுகியைக் கயிறாகச் சுற்றி, தேவர்கள் ஒரு பக்கமும் அசுரர்கள் ஒரு பக்கமும் பாற்கடலைக் கடைந்த கதையை அன்று அந்த மண்டபத்தில் நின்று சொன்னேன். பூப்பந்தாட்டக் கோட்டின் மேல் நின்றுகொண்டு, கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடியோடு முப்பது பேர் கேட்டார்கள். ஆசிரியை மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: “அமுதம் வந்தது சரி. முதலில் விஷம் வந்ததே, அது எந்த மரத்தின் தூசி?” மரத்தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி போடுங்கள் என்று ஒவ்வொரு மாதமும் நான் அவர்களை நச்சரித்துக்கொண்டிருந்ததற்கு அவர் கொடுத்த மரியாதை அது.

மூத்த உறுப்பினர் ஒருவர் அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “கயிறு என்று சொன்னீர்களே, நீங்கள் லெய்லியின் லேத்தைப் பார்க்கவேண்டும்” என்றார்.

ஜார்ஜ் லெய்லி. அரைமணி நேர வண்டித் தூரத்தில் பக்கிள்பரி பொதுவெளி இருக்கிறது. அங்கே ஒரு குடிசையில், அப்பாவும் தாத்தாவும் செய்த அதே முறையில், எல்ம் கட்டையில் கிண்ணம் கடைந்தவர். மோட்டார் கிடையாது. கடைசிவரை காலால் மிதிக்கிற கழி லேத். 1958இல் அவர் இறந்ததோடு அந்த வேலை இங்கிலாந்தில் அற்றுப்போயிற்று. பிறகு ராபின் வுட் என்பவர் லெய்லியின் கருவிகளைப் பார்த்துப் பார்த்து அதைத் திரும்பக் கற்றுக்கொண்டார். என்னிடம் பேசிய அந்த மூத்தவர் சின்னப் பையனாக அந்தக் குடிசை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கிண்ணங்கள் பிரிந்து வருவது வெங்காயத்தை உரிப்பதுபோல இருந்தது என்று சொன்னார்.

ரெடிங்கில் ஆங்கிலேய நாட்டுப்புற வாழ்க்கை அருங்காட்சியகம் இருக்கிறது. ரெட்லண்ட்ஸ் சாலையில், பிஸ்கட் வணிகர் ஆல்பிரட் பாமருக்காக 19ஆம் நூற்றாண்டில் கட்டிய செங்கல் மாளிகையில் 2005இலிருந்து நடக்கிறது. லெய்லியின் லேத் அவர்களிடம்தான் இருக்கிறது. 2006இல், பெரியவரோடு போனேன். கரடுமுரடான இரண்டு மரக்கால்கள், நடுவே கட்டையைத் தாங்குகிற முனைகள், கீழே மிதி, பக்கத்தில் அவரே காய்ச்சி அடித்துக்கொண்ட கொக்கி உளிகள். மேலே வளைகிற கழியிலிருந்து கயிறு இறங்கிக் கட்டையை ஒரு சுற்றுச் சுற்றி மிதிக்குப் போகும். மிதித்தால் மரம் கடைகிறவரை நோக்கிச் சுழலும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து மரத்தைப் பின்னோக்கி இழுக்கும். பெரியவர் அதை எனக்கு விளக்கத் தொடங்கினார். “மரம் பின்னே போகும்போது உளியை...” என்று ஆரம்பித்தார். நான் முடித்தேன்: “ஒரு நூல் விலக்கவேண்டும்.” என் கை அந்த விலக்கலைச் செய்துகொண்டிருந்தது. அவர் என் கையைப் பார்த்தார். நான் பத்து வயதில் வாசற்படியில் நின்று பார்த்தது கைக்குள் இவ்வளவு காலம் இருந்திருக்கிறது என்பது எனக்கு அந்த மாளிகையில்தான் தெரிந்தது.

லெய்லிக்கு ஓர் அருங்காட்சியகம் கிடைத்தது, பெயர் கிடைத்தது. எங்கள் ஊர்ப் பட்டறையில் எனக்கு உளியை நீட்டியவரின் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. ஒரு நாளைக்கு நூறு குடம் கடைவார், நூறும் ஒரே அளவு, அளவுகோல் வைத்து நான் பார்த்ததில்லை. அந்த மண்டபத்தில் மாதம் ஒரு கிண்ணம் கடைந்தவர்கள் யாரும் அவர் கைக்கு ஈடாகமாட்டார்கள். நானும்தான். இதைத் திடமாகச் சொல்வேன். அவர் கடைந்தது வயிற்றுக்கு, டஜனுக்கு இவ்வளவு என்று. தான் விரும்பியதைக் கடைய அவருக்கு ஒரு மாலைப்பொழுது மிச்சமிருந்திருக்குமா என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத கேள்வி.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊர் மலர்க் கண்காட்சியோடு சேர்ந்து எங்கள் சங்கத்தின் காட்சியும் நடக்கும். மண்டபம் முழுக்க இனிப்புப் பட்டாணிப் பூ மணக்கும். பக்கத்து மேசையில் ஜாம் புட்டிகள், அதற்கடுத்து நீளமான லீக்ஸ் வெங்காயத்தாள். புதியவர், நடுத்தரம், தேர்ந்தவர் என்று மூன்று பிரிவு, வேறு சங்கத்திலிருந்து ஒரு நடுவர். 2000த்தில் விடுமுறைக்கு அம்பாசமுத்திரம் போய் அரக்குக் குச்சிகள் வாங்கிவந்து, அந்தக் கோடைமுழுவதும் பதினோரு உருப்படி கொண்ட ஒரு செப்புச் சாமான் கடைந்தேன். சங்கத்தில் அரக்கு ஏற்றிக் காட்டியபோது, பெரியவர் தன் பாலிஷ் புட்டியை எடுத்து அதன் முகப்பைப் படித்தார். ஷெல்லாக். சாராயத்தில் கரைத்த அரக்கு. “இத்தனை வருஷம் உங்கள் ஊர்ச் சரக்கைத்தான் பூசிக்கொண்டிருந்தேனா?” என்றார். புட்டியையும் குச்சியையும் மாறி மாறி முகர்ந்து பார்த்தார்.

பரிசு எனக்கு இல்லை. நடுவர் ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்து, ஆட்டுரலின் அடி நேராக உட்காரவில்லை என்று எழுதிவைத்திருந்தார். சரியான தீர்ப்பு. நான்கு மணிக்குப் போய்ப் பார்த்தால் மேசையில் பெட்டி காலியாக இருந்தது. கீழே, பச்சைத் துணிக்கு அடியில், யாரோ உறுப்பினரின் பேத்தியும் இன்னொரு பெண்குழந்தையும் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அடுப்புக்கு மேலே பானை, பானைக்குள் பட்டாணிப் பூ. தமிழ் தெரியாத அந்தக் குழந்தைகளுக்கு ஒன்றையும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, உலக்கையை மட்டும் கரண்டி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டியை அவர்களிடமே கொடுத்துவிட்டேன்.

2007 இலையுதிர் காலத்தில் பெரியவர் போய்விட்டார். அலமாரியில் இருபத்துமூன்று அரைக் கிண்ணங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அவர் கையெழுத்தில் தேதி. அவர் மனைவி அவற்றை மண்டபத்துக்குக் கொடுத்தனுப்பினார். அந்தச் செவ்வாய்க்கிழமை யாரும் அதிகம் பேசவில்லை. ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம், சிலர் இரண்டு. எனக்கு வந்தது ஆப்பிள் மரம். எங்கள் வாசலுக்கு முதன்முதலில் வந்த பழங்களைக் காய்த்த மரம்தான், இரண்டு வருஷத்துக்கு முன் பட்டுப்போய் வெட்டியிருந்தார். ஓரத்தில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. பிசின் வைத்து அடைக்கலாம் என்றார்கள். நான் அடைக்கவில்லை. அவர் விட்ட இடத்தில் உளியை வைப்பதற்கு எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அடுத்த ஆகஸ்டில் இருபத்துமூன்று கிண்ணங்களும் அந்த மேசையில் வரிசையாக இருந்தன. எல்லாவற்றின் அடியிலும் இரண்டு பெயர்கள். காட்சி முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகவேண்டியவை போயின. ஆப்பிளை மட்டும் அவர் மனைவி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். வெறுமையாக இல்லை. உள்ளே பிளம் பழங்கள் இருந்தன.

2010இல் ஊர் திரும்பினோம். போன தைமாதம் அந்தக் கிண்ணத்தை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கடைசல் பட்டறைப் பக்கம் போனேன். எனக்குத் தெரிந்த பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டறையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. என் வயதுக்காரர் ஒருவர் பம்பரத்துக்குப் பச்சை அரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். கிண்ணத்தை நீட்டினேன். மோட்டாரை நிறுத்திவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். உட்புறத்தைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்தார். அடியில் இருந்த எழுத்துகளைக் காட்டி, செய்தவர் பெயர், முடித்தவர் பெயர், மரம், வருஷம் என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார், காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கட்டைவிரல் அடிவட்டத்தை ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்றும் வந்தது.

“ஆணித் தடமே இல்லியே அண்ணாச்சி,” என்றார். “எதுல பிடிச்சுக் கடைஞ்சாவ இத?”